எல்லா லாட்டும் அர்ஜென்ட்: திருப்பூர் ஏற்றுமதி நிறுவனமும் சாயப்பட்டறையும் – ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி என்றால் பெரும்பாலும் வெட்டித் தைத்துப் பேக் செய்யும் இடம் மட்டும்தான். நூல் மில்லில் இருந்து வரும். நிட்டிங் ஒருவரிடம், சாயம் இன்னொருவரிடம், துணி பின்னால் சுருங்காதபடி அழுத்தும் காம்பாக்டிங் வேறொருவரிடம், பிரிண்டிங்கும் எம்பிராய்டரியும் தனித்தனி ஆட்களிடம். ஒவ்வொரு வாசலிலும் துணி ஒரு டி.சி.யோடு (டெலிவரி சலான், சரக்கோடு போகும் சீட்டு) இறங்கி, இன்னொரு டி.சி.யோடு ஏறும். அந்தத் தாளில் எத்தனை ரோல், எத்தனை கிலோ, என்ன நிறம் என்று இருக்கும். எந்தக் கப்பலுக்கு, அதோடு சேர வேண்டிய மற்றத் துணி எங்கே நிற்கிறது என்பதெல்லாம் இருக்காது. அதைப் போனில்தான் சொல்வார்கள். போனில் சொல்வதில் எவ்வளவு உண்மை என்பது வேறு விஷயம்.

இங்கே பேசப்படும் நிறுவனம் ஐரோப்பியக் கடைகளுக்குக் குழந்தைகள் உடை அனுப்புவது. அண்ணன் தம்பி இருவர் பங்குதாரர்கள். அண்ணன் வங்கி, கணக்கு, தம்பி உற்பத்தி. குழந்தைகள் உடையில் நிறங்கள் அதிகம், நிறத்துக்கு உண்டான கிலோ குறைவு. பெரியவர்களின் டி-ஷர்ட் ஆர்டரில் நேவி மட்டுமே 2,000 கிலோ வரும். இவர்களுக்கு ஒரு நிறம் 180 கிலோ, 220 கிலோ என்றுதான் வரும். சாயத்துக்கு இவர்கள் நம்பியிருந்தது முக்கியமாக ஒரு பட்டறையை. அதிகப்படி வேலைக்கு இன்னொரு சிறிய பட்டறை.

சொந்தமாகப் பட்டறை போடும் யோசனை வந்து போயிருந்தது. நொய்யல் மாசு வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ப் பட்டறைகள் மூடப்பட்டதை இங்கே யாரும் மறக்கவில்லை. கழிவுநீர் ஒரு சொட்டுகூட வெளியே போகாதபடி சுத்திகரிக்கும் ஏற்பாடு இல்லாமல் இன்று சாயத் தொழில் நடத்த முடியாது. நடுத்தர ஏற்றுமதியாளர் இறங்கக்கூடிய முதலீடு அல்ல அது. ஆக, அடுத்தவர் மெஷினில் தனக்கு இடம் பிடிப்பதுதான் இவர்களின் உற்பத்தித் திட்டமிடலில் பாதி வேலை.

திட்டமிடலைச் சீர்படுத்த உதவும்படி தம்பி கேட்டதன் பேரில் நான் உள்ளே போனேன். அழைப்புக்குக் காரணம் ஒரு பவளநிற லாட், அதாவது ஒரே தடவையில் சாயமேற வேண்டிய ஒரு தொகுதித் துணி.

பொங்கலுக்கு முந்தைய வாரங்கள்

கோடைக்கால உடை ஆர்டர் அது. ஆறு நிறம், ஜனவரி ஷிப்மென்ட், தூத்துக்குடி வழியாக. பேக்கிங் கலந்த பேக்கிங்: ஒரு பெட்டிக்குள் ஆறு நிறமும் குறிப்பிட்ட விகிதத்தில் இருக்க வேண்டும். ஒரு நிறம் வராவிட்டால் ஒரு பெட்டியைக்கூட மூட முடியாது.

ஐந்து நிறம் டிசம்பர் கடைசிக்குள் வந்து, வெட்டித் தைத்து, செக்கிங் முடிந்து அடுக்கப்பட்டிருந்தது. பவளநிறம் 220 கிலோ மட்டும் பட்டறையில். துணி மேனேஜர் தினமும் காலையில் போன் செய்வார். பட்டறை மேலாளர் தினமும் "நாளைக்கு ஏத்திடலாங்க" என்பார். பொங்கலுக்குப் பட்டறை மூடுவதற்கு முந்தைய நாள்தான் அந்த லாட் மெஷினில் ஏறியது. ஆட்கள் ஊருக்குப் போய்த் திரும்பி, காம்பாக்டிங் ஆகி, தைத்து முடிப்பதற்குள் கப்பல் போய்விட்டது. பையர் கூடுதல் அவகாசம் தரவில்லை. ஆர்டரின் பெரும் பகுதி ஏர் போனது, அதாவது விமானத்தில், செலவு கம்பெனியுடையது. அந்த ஆர்டரில் லாபம் என்று எதுவும் மிஞ்சவில்லை.

கம்பெனி பட்டறைக்கு டெபிட் நோட் போட்டது, அதாவது நஷ்டத்தைப் பட்டறையின் கணக்கில் பிடித்தது. பட்டறைக்காரர் அதை ஏற்கவில்லை. பழைய பில்கள் மூன்று மாதமாக நிற்பதைச் சுட்டிக் காட்டினார். குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தரச் சொல்லும் சட்டம் இருப்பது இரு தரப்புக்கும் தெரியும். தெரிந்தும் பில்கள் நின்றன. வழக்கமாக இந்த இடத்தில் உறவு முறிந்து, கம்பெனி அடுத்த பட்டறையைத் தேடிப் போகும். பவளநிற லாட்டுக்கு உண்மையில் என்னதான் ஆனது என்று முதலில் பார்த்துவிடலாம் என்று தம்பி சொன்னார். இந்த ஆய்வுக்கு வழிவிட்டது அந்த ஒரு நிதானம்தான்.

லாட்டின் தடத்தைப் பின்தொடர்ந்தபோது

இரு தரப்பு டி.சி.க்கள், பட்டறையின் மெஷின் பதிவேடு, பையரோடு தொடர்பு வைத்திருக்கும் மெர்ச்சன்டைசரின் இமெயில்கள் மூன்றையும் தேதிவாரியாக ஒரே தாளில் எழுதினோம். பட்டறையில் துணி இருந்தது 19 நாள். மெஷினுக்குள் இருந்தது 9 மணி நேரம். மற்ற நேரம் எங்கே போனது என்பதுதான் கேள்வி.

முதல் எட்டு நாள் ரிப்புக்காகக் காத்திருந்திருக்கிறது. கழுத்துப்பட்டிக்கான ரிப் துணியும் உடல் துணியும் ஒரே மெஷினில் ஒன்றாகச் சாயம் ஏற வேண்டும். தனித்தனியாக ஏற்றினால் ஷேடு மாறும், பையர் திருப்பிவிடுவார். உடல் துணி வந்து இறங்கியதும் கம்பெனியின் கணக்கில் "பட்டறையில் உள்ளது" என்று ஏறிவிட்டது. ரிப் அப்போது நிட்டிங்கில் வரிசையில்கூட நிற்கவில்லை. துணி மேனேஜருக்கு இது தெரியாது. பட்டறைக்காரருக்குத் தெரியும், ஆனால் யாரும் கேட்கவில்லை. கேட்டது "எப்போ ஏத்துவீங்க?" என்று மட்டும்தான்.

அடுத்தது லேப் டிப், அதாவது பையரின் ஒப்புதலுக்காக முதலில் சாயமேற்றிக் காட்டும் மாதிரித் துண்டு. பையர் பவளநிறத்துக்கு ஓகே சொன்ன மெயில் புதன்கிழமையே வந்திருக்கிறது. மெர்ச்சன்டைசர் அதைத் தன் ஃபைலில் குறித்துக்கொண்டார், துணி மேனேஜருக்கு வெள்ளியன்று சொன்னார். ஒப்புதலான துணித்துண்டு பட்டறையின் லேபுக்குப் போய்ச் சேர்ந்தது சனிக்கிழமை மாலை.

மீதி நாட்களுக்குக் காரணம் நிறம். கறுப்பு ஓடிய மெஷினில் அப்படியே பவளநிறத்தை ஏற்ற முடியாது. உள்ளே ஒட்டியிருக்கும் சாயத்தை ரசாயனம் போட்டுக் கொதிக்கவிட்டுக் கழுவ வேண்டும். இரண்டு மூன்று மணி நேரம் மெஷின் சும்மா ஓடும், அந்தத் தண்ணீரையும் காசு கொடுத்துத்தான் சுத்திகரிக்க வேண்டும். அதனால் எந்தப் பட்டறையும் வெளிர் நிறத்தில் தொடங்கி, நடுத்தர நிறம், அடர் நிறம் என்று போய், கடைசியில் கறுப்பு முடித்துத்தான் மெஷினைக் கழுவும். அந்த வாரம் 250 கிலோ மெஷினில் வரிசையாக நேவியும் கறுப்பும் ஓடிக்கொண்டிருந்தன. நடுவில் பவளத்தை நுழைத்தால் இரண்டு முறை கழுவ வேண்டும். கழுவும் நாள் வரட்டும் என்று பட்டறைக்காரர் தள்ளினார். அந்த நேவியும் கறுப்பும் யாருடையவை என்று பார்த்தால், பாதி இதே கம்பெனியுடையவை. "அர்ஜென்ட்" என்று முந்தைய வாரம் அழுத்திச் சொல்லி ஏற்ற வைத்தவை. அவற்றின் கப்பல் பிப்ரவரி.

பட்டறை அலுவலகத்தில் ஒரு வெள்ளைப் பலகை இருக்கிறது. இடது ஓரத்தில் மெஷின் எண்கள், 50 கிலோ சாம்பிள் மெஷினில் இருந்து 1,000 கிலோ வரை. ஒவ்வொன்றுக்கும் எதிரே பார்ட்டியின் சுருக்கப் பெயர், நிறம், கிலோ. அவசரமான லாட்டுக்குப் பக்கத்தில் சிவப்புப் பேனாவில் ஒரு நட்சத்திரம் போடுவது வழக்கம். நாங்கள் போன அன்று பலகையில் நட்சத்திரம் இல்லாத லாட்டைத் தேட வேண்டியிருந்தது. "எல்லாத்தையும் அர்ஜென்ட்டுன்னு போட்டா, நான் எதைங்க மொதல்ல ஏத்தறது? யாரு கடைசியா சத்தம் போட்டாங்களோ அவங்க லாட்டைத்தான் ஏத்தறேன்" என்றார் உரிமையாளர். கோபமில்லாமல்தான் சொன்னார்.

இன்னொன்றும் தெரிந்தது. இடம் கிடைக்குமோ என்ற பயத்தில் துணி மேனேஜர் ஒரே லாட்டை இரண்டு பட்டறையிலும் சொல்லி வைப்பார். பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கிற கதைதான். எது முதலில் காலியாகிறதோ அங்கே துணி போகும், மற்ற இடத்தில் அன்று காலை வேண்டாம் என்று சொல்லிவிடுவார். இதை அனுபவித்துப் பழகிய பட்டறைக்காரர், தன் மெஷின் தாங்குவதைவிட எப்போதும் கூடுதலாகவே ஒப்புக்கொள்வார். பாதி வராது என்ற கணக்கு. வந்துவிட்டால் "நாளைக்கு".

இது திருப்பூருக்கு மட்டும் உரிய நோயல்ல. குழந்தைகள் டயப்பரைப் பயன்படுத்தும் வேகம் மாறுவதே இல்லை, ஆனால் கடைகளும் விநியோகஸ்தர்களும் போடும் ஆர்டர் மட்டும் ஏன் இப்படி எகிறி விழுகிறது என்று ப்ராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் குழம்பிய கதை சப்ளை செயின் துறையில் பிரபலம். 1997-இல் ஹாவ் லீ, பத்மநாபன், வாங் ஆகிய மூவரும் இந்த வீக்கத்துக்கு நான்கு காரணங்களைப் பிரித்துக் காட்டினார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் தேவையைப் புதிதாகக் கணிப்பது, ஆர்டர்களைச் சேர்த்து வைத்து மொத்தமாகப் போடுவது, விலை ஏற்ற இறக்கம், தட்டுப்பாடு வரும் என்று பயந்து தேவைக்கு மேல் கேட்டு வைப்பது. நாலாவது காரணத்துக்கு இந்த வெள்ளைப் பலகையைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

எடுத்த முடிவுகள்

முதலில் மேசைக்கு வந்த யோசனை மென்பொருள். கம்பெனியில் ஒரு ஈஆர்பி (ஆர்டர், சரக்கு, கணக்கு எல்லாம் பார்க்கும் மென்பொருள்) இருந்தது, பட்டறையில் வேறொன்று. இரண்டையும் இணைக்கலாம் என்றார் அண்ணன். வேண்டாம் என்று சொன்னோம். கம்பெனியின் ஈஆர்பியிலும் அந்தப் பவளநிற லாட் "பட்டறையில் உள்ளது" என்றுதான் இருந்தது. அதை வேகமாக அனுப்பி என்ன பயன்?

பட்டறைக்குத் தேவைப்பட்டது இன்னும் நிறையத் தகவல் அல்ல. வந்த தகவலில் எது உறுதி, எது உத்தேசம் என்று பிரித்துச் சொல்ல ஆள் இல்லை, அதுதான் குறை. கம்பெனிக்கோ ஒரு தேதி தேவைப்படவில்லை. தன் லாட் வரிசையில் எத்தனையாவது என்பது தெரிந்தால் போதும். முடிவுகள் இந்த இரண்டையும் ஒட்டியே அமைந்தன.

வாரம் ஒரு தாள். வியாழக்கிழமை மாலை கம்பெனி பட்டறைக்கு அனுப்ப வேண்டும். வரும் வாரத்துக்கு நிறம், கிலோ எல்லாம் உறுதி, மாற்ற முடியாது. அதற்கடுத்த இரண்டு வாரத்துக்கு வெளிர், நடுத்தரம், அடர் என்ற பிரிவுவாரியாகக் கிலோ உறுதி, அதற்குள் நிறம் மாறலாம். அதற்கும் அடுத்த மூன்று வாரத்துக்கு மொத்தக் கிலோ மட்டும், உத்தேசமாக. பையர் பெயரோ ஸ்டைல் நம்பரோ தாளில் இருக்காது. இப்படிப் பிரித்ததற்குக் காரணம் உண்டு. பட்டறைக்காரருக்கு மெஷின் வரிசையைத் தீர்மானிக்க நிறப்பிரிவும் கிலோவும் போதும். மூன்று வாரம் கழித்து வரப்போவது புதினாப் பச்சையா இளமஞ்சளா என்று தெரிய வேண்டியதில்லை. பையர் விவரம் வெளியே போய்விடுமோ என்ற கம்பெனியின் பயமும் இதில் தீர்ந்தது.

அடுத்தது "ரெடி" விதி. உடல் துணி, ரிப், ஒப்புதலான லேப் டிப் மூன்றும் பட்டறைக்குள் வந்த பிறகுதான் லாட் வரிசையில் ஏறும். அதுவரை அது கம்பெனியின் பொறுப்பு, பட்டறைக்கு டெபிட் நோட் போட முடியாது. துணி மேனேஜர் இதைக் கடுமையாக எதிர்த்தார். முன்கூட்டியே துணியை இறக்கிவிட்டால்தான் பட்டறைக்காரர் மறக்க மாட்டார் என்பது அவருடைய வாதம். பழைய ஏற்பாட்டில் அது நியாயமான வாதமும்கூட.

பதிலுக்குப் பட்டறை தினமும் காலை எட்டு மணிக்கு வெள்ளைப் பலகையைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பும். மற்ற பார்ட்டிகள் எண்களாக மட்டும் இருப்பார்கள்.

அர்ஜென்ட்டுக்கும் ஒரு வரம்பு வைத்தோம்: வாரத்துக்கு இரண்டு. தம்பி மட்டும்தான் சொல்லலாம். அப்படிச் சொல்லும்போது தங்களுடைய எந்த லாட் பின்னால் போகலாம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இரண்டு இடத்தில் சொல்லி வைப்பது நிறுத்தப்பட்டது. தாமதம் ஆகும் என்று பட்டறை இரண்டு நாள் முன்பே சொல்லிவிட்டால் டெபிட் நோட் கிடையாது. சொல்லாமல் விட்டால் உண்டு. கெட்ட செய்தியைச் சொன்னவனுக்கே அபராதம் என்றிருந்தால் யார் வாயைத் திறப்பார்கள்?

பணம் இல்லாமல் இதில் எதுவும் நடந்திருக்காது. பழைய பாக்கியைத் தவணையில் தீர்ப்பதென்றும், புதிய பில்களை 45 நாளைத் தாண்டவிடாமல் சனிக்கிழமைகளில் கொடுப்பதென்றும் அண்ணன் ஒப்புக்கொண்டார். என் மதிப்பீட்டில், பட்டறைக்காரர் பலகையைத் திறந்து காட்டச் சம்மதித்தது இந்த வாக்குக்காகத்தான், எங்கள் தாளுக்காக அல்ல.

நடந்தவை

முதல் மாதம் தாள் ஒழுங்காகப் போனது, யாரும் அதை நம்பவில்லை. பட்டறை மேலாளர் பழைய பழக்கத்தில் கூடுதலாகவே வேலை ஒப்புக்கொண்டார். இரண்டாம் வாரம் முழுக் கிலோவும் சொன்னபடி வந்து இறங்கியதும் திணறிப்போனார். சொன்னது அப்படியே வந்தது அவருக்குப் புது அனுபவம்.

அப்புறம் ஒரு சறுக்கல். உறுதியான வாரத்துக்குள் பையர் ஒரு நிறத்தை மாற்றினார், ரோஸுக்குப் பதிலாக இளநீலம். விதிப்படி மாற்ற முடியாது என்று தெரிந்ததால் மெர்ச்சன்டைசர் அதைச் சொல்லத் தயங்கினார். ரோஸ் மெஷினில் ஏறிவிட்டது. 140 கிலோ துணி வேறு ஆர்டர் வரும்வரை கிடப்பில் போனது. மாற்றத்துக்குத் தடை வைத்த நாங்கள், பையர் மாற்றினால் எந்த வழியாகச் சொல்வது என்று வைக்கவில்லை. பிறகு, மெஷினில் ஏறும் முன் சொன்னால் அர்ஜென்ட் கணக்கில் ஒன்றைக் கழித்துக்கொண்டு மாற்றலாம் என்று விதி தளர்ந்தது.

இன்னொன்று பெரியது. பலகைப் படம் ஒன்று வேறொரு பட்டறைக்காரரின் போனுக்குப் போய்விட்டது. பெயர்கள் எண்களாக இருந்தாலும், நிறத்தையும் கிலோவையும் பார்த்தாலே எந்த எண் எந்தக் கம்பெனி என்று தொழிலில் இருப்பவர் ஊகித்துவிடுவார். உரிமையாளர் அன்றே படத்தை நிறுத்தினார். யார் அனுப்பியது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அதில் நேரம் செலவழிக்க வேண்டாம் என்று தம்பி நேரில் போய்ப் பேசினார். இரண்டு வார மௌனத்துக்குப் பிறகு, முழுப் பலகைக்குப் பதில் கம்பெனியின் லாட்டுகள் மட்டும், மெஷின் எண், வரிசை எண்ணோடு குறுஞ்செய்தியாக வரத் தொடங்கின. உண்மையில் கம்பெனிக்கு அதுவே போதுமாக இருந்தது. அடுத்தவருடைய வரிசையைப் பார்ப்பதில் ஒரு சுவாரசியம் உண்டு, அவ்வளவுதான்.

துணி மேனேஜரின் நிலையையும் சொல்ல வேண்டும். பதினைந்து வருடம் அந்த வேலையில் இருப்பவர். அவருடைய திறமை என்று கம்பெனி மதித்ததே, பட்டறையில் போய் நின்று சண்டை போட்டுத் துணியை எடுத்து வருவதைத்தான். புதிய ஏற்பாட்டில் அதற்கு வேலை இல்லை. சில வாரம் ஒதுங்கியே இருந்தார். ரிப் எங்கே நிற்கிறது என்று நிட்டிங்கில் பின்தொடரும் பொறுப்பு அவரிடம் வந்த பிறகு நிலைமை மாறியது. எந்த நிட்டிங்காரர் எந்த மெஷினில் எந்தக் கேஜ் ஓட்டுகிறார் என்பது அவருக்கு மனப்பாடம். அந்த அறிவுக்கு இப்போதுதான் சரியான இடம் கிடைத்தது.

விளைவு

அடுத்த குளிர்கால ஆர்டர்களில் சாயத்தால் எதுவும் ஏர் போகவில்லை. ஒரு சிறிய ஷிப்மென்ட் போனது, காரணம் பிரிண்டிங். லாட் பட்டறையில் இருக்கும் நாட்கள் பாதிக்கும் கீழே குறைந்தன. ஆனால் இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ரெடி விதியால் துணி பட்டறைக்கே தாமதமாகத்தான் போகிறது. முன்பு பட்டறையில் காத்திருந்ததில் ஒரு பங்கு இப்போது கம்பெனியின் கிடங்கில் காத்திருக்கிறது. நூல் வந்த நாளிலிருந்து வெட்ட ஆரம்பிக்கும் நாள் வரை பார்த்தால் முன்னேற்றம் உண்டு, ஆனால் பட்டறைக் கணக்கு காட்டும் அளவுக்கு இல்லை.

பட்டறைக்கு லாபம் வேறு வகையில். கம்பெனியின் வெளிர் நிற லாட்டுகள் எப்போது வரும் என்று மூன்று வாரம் முன்பே தெரிவதால், மெஷின் கழுவும் நாளை அதற்கேற்ப வைத்துக்கொள்கிறார்கள். நடுவில் கழுவுவது குறைந்தது. அதற்காகக் கிலோவுக்கான ரேட்டை அவர் குறைக்கவில்லை. அண்ணன் கேட்டுப் பார்த்தார், சிரித்தார்களாம். ஆனால் தீபாவளிக்கு முந்தைய நெருக்கடியில், தாள் கொடுக்கும் இந்த ஒரு பார்ட்டியின் லாட்டுகளை அவர் தள்ளவில்லை.

அர்ஜென்ட் இரண்டு என்ற வரம்பு பெரும்பாலான வாரங்களில் முழுதாகப் பயன்படவில்லை. பின்னால் போகப்போகும் தன் லாட்டின் பெயரைச் சொல்ல வேண்டும் என்றதுமே பாதி அவசரங்கள் அவசரமில்லாமல் ஆகிவிட்டன.

நட்டப்பட்டவர் ஒருவர் உண்டு: அந்தச் சிறிய பட்டறை. இரண்டு இடத்தில் சொல்லி வைப்பது நின்றதும் அவருக்குப் போன வேலை குறைந்தது. ஏன் என்று அவருக்கு யாரும் விளக்கவில்லை.

மாற்றிச் செய்ய வேண்டியவை

மெர்ச்சன்டைசர் முதல் கூட்டத்திலேயே இருந்திருக்க வேண்டும். பையரின் மனமாற்றம் முதலில் வந்து சேரும் இடம் அவர்தான். தாளை வடிவமைத்ததோ சாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்.

ரகசியம் பற்றிய பேச்சு, கசிவுக்குப் பிறகு அல்ல, முன்பே நடந்திருக்க வேண்டும். எந்தத் தகவல் யார் போன் வரை போகலாம் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தால் அந்த இரண்டு வார மௌனம் வந்திருக்காது. முழுப் பலகை கேட்டதே தேவைக்கு அதிகம்.

அளவீட்டைத் தொடக்கத்திலேயே பிரித்திருக்க வேண்டும்: ஒவ்வொரு லாட்டுக்கும் காத்திருந்த நேரம் தனி, வேலை நடந்த நேரம் தனி, காத்திருந்ததற்கு யார் பொறுப்பு என்பது தனி. பவளநிற லாட்டுக்கு மட்டும் கையால் செய்த அந்தக் கணக்கை எல்லா லாட்டுக்கும் செய்ய இப்போதுதான் ஒரு பதிவேடு தொடங்கியிருக்கிறது.

சிறிய பட்டறையை இப்படிக் கைவிட்டிருக்கவும் கூடாது. 50, 100 கிலோ மெஷின்கள் அவரிடம்தான் அதிகம். குழந்தைகள் உடையின் சிறு லாட்டுகளுக்கும், வெட்டும்போது குறைவுபடும் துணியைத் திரும்பச் சாயமேற்றவும் அந்த அளவுதான் பொருத்தம். பெரிய பட்டறை 40 கிலோ லாட்டை இப்போதும் விருப்பமில்லாமல்தான் வாங்குகிறது. வரும் கோடை ஆர்டரில் இருந்து 100 கிலோவுக்குக் கீழே உள்ளவை அவருக்குப் போகும், அதே வியாழக்கிழமைத் தாளோடு. முன்பணமாக ஒரு தொகை கேட்டிருக்கிறார். அண்ணன் இன்னும் பதில் சொல்லவில்லை.